முப்பத்தேழாம் அறையில் ஐந்து பேர்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுடைய முக்கியமான வேலை பட்டாசு லேபிளும் காலண்டரும். ஒரு பட்டாசு லேபிளில் மொத்தம் எட்டு வார்த்தை இருக்கும். அதில் பிழை தேடுவதற்கு, விருதுநகரில் இரண்டு வருடம் காலேஜ் படித்த ஒருவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்குள் அன்றைய தமிழ் முழுவதையும் படித்து முடித்துவிடுவேன். சாயங்காலம் வரை மிச்ச நேரத்தை எப்படிப் போக்குவது என்பதுதான் என் உண்மையான உத்தியோகம்.

எனக்குத் துணையாக லேபிள் ஓவியர் ஒருவர் இருந்தார். நாற்பது வயது, ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். பத்து வருடமாக லட்சுமி படம் போட்டுப் போட்டு அவருக்கு வேறு முகமே வராமல் போய்விட்டது. புலி வரைந்தாலும் அது சாந்தமாக, நமக்கு ஏதோ வரம் தரப்போவதுபோலத்தான் பார்க்கும். பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்கு அது பிடித்திருந்ததால் யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை.

தை பிறந்தால் எங்களுக்கு வேலை இருக்காது. தீபாவளி லேபிள் எப்போதோ முடிந்திருக்கும், காலண்டரும் போய்ச் சேர்ந்திருக்கும், அடுத்த சீசன் ஆர்டர் வரும்வரை மெஷின்கள் சும்மா நிற்கும். அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பர் கோடவுனில் நான், ஓவியர், மெஷின்காரர் மூவரும் உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டுவோம். கட்டம் போட்டு ஆடி அலுத்துப்போனதில் நான் ஒரு புது முறை கண்டுபிடித்தேன். நான் கதை சொல்வேன். மற்ற இருவரும் கதைக்குள் இருப்பார்கள். "எதுத்தாப்புல ரெண்டு வழி. எடது பக்கம் புகை வருது. வலது பக்கம் யாரோ அழுகுற சத்தம். எங்கன போறீக?" என்று கேட்பேன். அவர்கள் கலந்து பேசி ஒரு வழியைச் சொல்லிவிட்டுக் கட்டையை உருட்டுவார்கள். தாயம் விழுந்தால் தப்பித்தார்கள். இல்லாவிட்டால் எவ்வளவு அடி என்பதை நான் சொல்வேன். ஆளுக்குப் பத்துப் புளியமுத்து, அதுதான் உயிர். முத்து தீர்ந்தால் ஆள் காலி.

ஒருநாள் முதலாளி பார்த்துவிட்டார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். ஐம்பதைத் தாண்டியவர், கதர்ச்சட்டை, நெற்றியில் திருநீறு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேப்பர் கட்டு எங்கே கிடக்கிறதோ அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் மூவரும் எழுந்து நின்றோம். அவர் தரையில் கிடந்த புளியமுத்தையும் கட்டையையும் பார்த்தார்.

"என்னலே இது?"

மெஷின்காரர் பயத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டார். "நான் பாதாளத்துல இருக்கேன் அண்ணாச்சி. முன்னால ஒரு கதவு இருக்கு. தெறக்கவா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

அண்ணாச்சி பக்கத்திலிருந்த பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"கதவு பூட்டியிருக்கா, சும்மா சாத்தியிருக்கா?"

சாத்தித்தான் இருக்கிறது என்றேன்.

"அப்ப தெறந்து பாருலே. பயந்தா ஆகுமா."

திறந்தார்கள். உள்ளே நாகம். மெஷின்காரர் உருட்டிய கட்டை சரியில்லை என்று அண்ணாச்சி கட்டையைத் தானே வாங்கிக்கொண்டார். நாலு மணிக்குள் அவர் மூன்று முறை செத்துப்போனார். மூன்றாவது சாவை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பாம்பு இருக்குற எடம்னு தெரிஞ்சும் மருந்து வாங்காமயா உள்ள போயிருப்பேன்? என்னையப் பாத்தா அப்படிப்பட்ட ஆளாவா தெரியுது?" என்று கேட்டார். இரண்டு முத்துகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்து, "அத எழுதிரு தம்பி. மெசினு சும்மாதான நிக்கி. மாசம் ஒண்ணு போடுவோம்" என்றார்.

இப்படித்தான் அந்தப் பத்திரிகை தொடங்கியது. அட்டையில் அதற்கு நல்ல தமிழில் ஒரு பெயர் போட்டிருந்தோம். அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது குகைப் புத்தகம்தான். ஒவ்வொரு இதழும் ஒரு சாகசம். குகையோ, பாழுங்கோட்டையோ, கடலுக்கடியில் ஒரு ஊரோ. எண்பது தொண்ணூறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். வீட்டில் ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன், வைத்தியச்சி என்று ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். 'இடது கதவைத் திறந்தவர்கள் 22-க்குப் போகவும்' என்று இருக்கும். வாசிப்பவர் 22-ஐத் தேடி எடுத்து வாசிப்பார்.

அண்ணாச்சி இரண்டு நிபந்தனை வைத்தார். முதல் அறையில் பிள்ளையார் இருக்க வேண்டும். எந்த இதழிலும் முதல் ஐந்து பக்கத்துக்குள் சாவு வரக்கூடாது. இரண்டையும் ஒப்புக்கொண்டேன். படங்களை ஓவியர் போட்டார். அதனால் எங்கள் பூதங்கள், பிசாசுகள், ஒற்றைக்கண் ராட்சதர்கள் எல்லோரும் லட்சுமி முகத்தோடு, வலது கையை லேசாக உயர்த்தி, அருள் பொழிந்துகொண்டு இருந்தார்கள். அட்டைக்கு மீந்துபோன லேபிள் தாளைத்தான் உபயோகித்தோம். அட்டையைத் திருப்பினால் உள்பக்கம் ஒரு பச்சைக்கிளி இருக்கும், கீழே பட்டாசின் பெயர். அந்தக் கிளிக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் முதல் இதழ் வெளியான வாரத்திலேயே, கிளி எந்த அறையில் வருகிறது என்று கேட்டு ஏழு கடிதம் வந்தது. இரண்டாம் இதழில் ஒரு கிளியை எழுதிச் சேர்த்தேன்.

மூன்றாம் இதழ் அச்சுக்குப் போன நாளில்தான் கோளாறு நடந்தது. பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை. அண்ணாச்சி வீட்டில் இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க நேர்ந்திருந்தார்கள். அச்சகத்து ஆட்கள் அத்தனை பேரையும் லோடு வண்டியில் ஏற்றி அழைத்துப் போவதாக ஏற்பாடு. வண்டி வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது, உள்ளே கடைசி எட்டுப் பக்கத்தின் புரூப் என் கையில். நின்றபடியே பார்த்தேன். இரண்டு ஒற்றுப்பிழை திருத்தினேன். ஒரு இடத்தில் 'பிசாசு' என்பது 'பிசாக' என்று இருந்ததையும் திருத்தினேன். மிகுந்த திருப்தியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினேன்.

எண்களை நான் பார்க்கவில்லை.

அந்த இதழில் முப்பத்தேழாம் அறை ஒரு வட்டமான கல் அறை. மூன்று கதவுகள். முதல் கதவு 41-க்குப் போகும், இரண்டாவது 44-க்கு. அந்த இரண்டும் சுற்றிக்கொண்டு மறுபடி 37-க்கே வந்துவிடும். மூன்றாம் கதவுதான் வெளியே போகும் வழி, அது 73. அச்சில் 73 திரும்பி 37 என்று விழுந்துவிட்டது. அதாவது மூன்று கதவில் எதைத் திறந்தாலும் அதே அறைக்கு வந்து சேர வேண்டியதுதான்.

இது எனக்குத் தெரிந்தது ஒரு பெரியவர் வந்து சொன்ன பிறகு.

அவர் மல்லாங்கிணற்றிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். நல்ல உயரம், வெயிலில் காய்ந்த தேகம், தோளில் துண்டு, கையில் எங்கள் மூன்றாம் இதழ். சொந்தமாக நிலம் வைத்து மானாவாரிப் பருத்தியும் சோளமும் போடுகிற சம்சாரி. கோடையில் காட்டில் வேலை இல்லாததால் வீட்டோடு குகைப் புத்தகம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி அவரை வரவேற்று ஒரு பேப்பர் கட்டைக் காட்டினார். பெரியவர் உட்கார்ந்தார்.

"மொதலாளி, நாங்க அஞ்சு பேரு பதினோரு நாளா உள்ள கெடக்கோம்" என்றார்.

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. "எதுக்குள்ள?"

"முப்பத்தி ஏழுல. எந்தக் கதவத் தெறந்தாலும் அங்கனயே வந்து நிக்கோம். கொற சொல்ல வரலை. கதை நல்லா எழுதியிருக்கீக. வழிய முழுசாச் சொல்ல வேண்டாம். சாடையாச் சொன்னாப் போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கிருவோம்."

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பார்த்த உடனே என் காது சூடானது. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார், அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் தன் அச்சகத்தில் பிழை என்று ஒரு வெளியூர்க்காரர் முன்னால் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

"அது அப்படித்தான் வச்சிருக்கோம். லேசுல கண்டுபிடிக்க முடியாது. தம்பி, அய்யாவுக்கு ஒரு சாடை மட்டும் சொல்லுங்க."

நான் புத்தகத்தை மூடிவிட்டு, "வடக்குச் சுவரைத் தட்டிப் பாருங்க" என்றேன்.

பெரியவர் கண்களை மூடி யோசித்தார். "வடக்குன்னா குளத்துக்கு அந்தப் பக்கமா?"

"எந்தக் குளம்?"

"பச்சத் தண்ணிக் குளந்தான். அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான நாங்க உசுரோட இருக்கோம். ஒரு செரங்கை குடிச்சா ரெண்டு புளியமுத்து வருது. அது இல்லாட்டி வௌவாலு அடிச்சே அஞ்சாம் நாளு போய்ச் சேந்திருப்போம்."

முப்பத்தேழாம் அறையில் நான் ஒரு வௌவாலை வைத்திருந்தேன். குளம் வைக்கவில்லை. அவர் தொடர்ந்து, குளக்கரையில் உட்கார்ந்திருக்கும் நொண்டிக் குள்ளனைப் பற்றிச் சொன்னார். குள்ளனிடம் ஒரு பொய் சொன்னால் ஒரு கயிறு தருவானாம். அவருடைய மூத்த மருமகள் ஒன்பது கயிறு சேர்த்து வைத்திருக்கிறாராம். நானோ குள்ளன் எவனையும் எழுதவில்லை. வேறு ஏதோ கதையோடு போட்டுக் குழப்புகிறார் என்று நினைத்தேன்.

"ஒங்க வீட்டுல யாரு யாரு ஆடுறீக?" என்று அண்ணாச்சி விசாரித்தார்.

"நான் மந்திரவாதி. மூத்தவன் வீரன். எங்க வீட்ல வைத்தியச்சி. மூத்த மருமக திருடி. நாலு வேசந்தான போட்டிருக்கீக, அதனால எளையவன் கழுதையா வர்றான். சாமான் சட்டுலாம் அவந்தான் சொமக்கான்." கழுதைக்குத் தனியாக ஐந்து முத்து கொடுத்திருப்பதாகவும், அதில் எங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றோம். "எளைய மருமக வாசிக்கா. எட்டாவது வரைக்கும் படிச்ச புள்ள. எனக்குக் கண்ணு சரியில்லை, மத்தவுகளுக்கு எழுத்து ஓடாது."

அவர் போன பிறகு அண்ணாச்சி திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்து எல்லாக் கடைகளுக்கும் அனுப்பச் சொன்னார். 'பிழை' என்ற சொல் அதில் வரக்கூடாது. 'மூன்றாம் கதவைத் தைரியத்தோடு திறந்தவர்கள் 73-க்குப் போகவும்' என்று ஒரே வரி போட்டோம். மல்லாங்கிணற்றுப் பெரியவருக்கு மட்டும் சீட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார். அது தண்டனையா மரியாதையா என்று அவர் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆமத்தூர் வழியாக விருதுநகர் போய், அங்கே பஸ் மாறி, மத்தியானம் மூன்று மணிக்கு மல்லாங்கிணறு போய்ச் சேர்ந்தேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "குகையில கெடக்காகளே, அவுக வீடா?" என்று கேட்டுவிட்டு ஒருவர் வழி காட்டினார்.

நடுவீட்டில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பெரியவர் என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். இடையில் நிறுத்த முடியாத கட்டம் போலிருக்கிறது. மூத்த மகன், மூத்த மருமகள், இளைய மகன், பெரியவரின் மனைவி எல்லோரும் கீழே வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இளைய மகன் முதுகோடு ஒரு தலையணையைத் துண்டால் கட்டியிருந்தார். சாமான் சுமப்பதற்கு அடையாளம் என்று தெரிந்துகொண்டேன். தூணில் சாய்ந்து பலகையில் உட்கார்ந்திருந்தவர் இளைய மருமகள். இருபது வயதிருக்கும். மடியில் புத்தகம். பக்கத்தில் ஆவி பறக்கிற சுக்குக் காப்பி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் எழுந்துபோய் வெல்லம் கொண்டுவந்து அந்தக் காப்பியில் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்தார்.

மருமகள் வாசித்தார். "வடக்குச் சுவரைத் தட்டியதும் உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. யார் அங்கே, ஏன் தட்டுகிறீர்கள், இப்போதுதான் கண் அசந்தேன் என்றது அந்தக் குரல்." எழுத்து எழுத்தாக, நிதானமாக, பள்ளிக்கூடத்துக் குரலில் வாசித்தார். சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பினார்.

நான் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பக்கம் தெரிந்தது. அது விளம்பரப் பக்கம். அதில் ஒரு பல்பொடி டப்பா படமும் நாலு வரியும்தான் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சுவருக்குள் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி இன்னும் பத்து நிமிடம் வாசித்தார்.

பிறகு நிமிர்ந்தார். என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, விரல் மட்டும் பல்பொடி டப்பாப் படத்தை மெதுவாக மறைத்தது.

"தம்பி, சரியா வாசிக்காளா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஒரு எழுத்துப் பெசகாம வாசிக்காக" என்றேன்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்கள். சோறு, பருப்பு, சுண்டவற்றல் போட்டார்கள். கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது இளைய மருமகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அண்ணே, அது எழுவத்தி மூணுன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

"பெறகு ஏன் சொல்லலை?"

"வெளிய வந்துட்டா புத்தகம் முடிஞ்சிரும். அடுத்தது வர இருவது நாளு கெடந்துச்சு." தண்ணீரை ஊற்றிக்கொண்டே உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "வாசிக்கிறவள எந்திரிக்கச் சொல்ல முடியாதுல்ல. கல்யாணமாகி ரெண்டு வருசத்துல நான் உக்காந்து காப்பி குடிச்சது இந்தக் குகைக்குள்ளதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது வேலை விஷயம். "சீட்டு எதுவும் கொண்டாந்திருக்கீகளா? அத எங்கிட்டயே குடுத்திருங்க" என்றார்.

ஆனால் பெரியவர் முந்திக்கொண்டார். சிவகாசியிலிருந்து ஒரு ஆள் சும்மா வரமாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சீட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றும் தெரியாமல் மருமகளிடம் நீட்டினார். எல்லோரும் மறுபடி வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் கொண்டுபோன சீட்டில் இருந்தது ஒரே வரி. அவர் அதைக் கால்மணி நேரம் வாசித்தார். மூன்றாம் கதவுக்கு ஒரு காவல்காரி, அவளுக்கு மூன்று கேள்வி, கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவாரத் தவணை. அடுத்த இதழ் வருவதற்குச் சரியாக ஒருவாரம்தான் இருந்தது.

அச்சகத்துக்குத் திரும்பி அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். என்னைவிட அந்தப் பெண் நன்றாக எழுதுகிறார் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அண்ணாச்சி அந்தக் குள்ளனுக்கு எதற்கு ஒன்பது பொய் என்பதை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "அந்தப் புள்ளையவே எழுதச் சொல்லுவோம். ஆனா சம்சாரி வீட்டு மருமகளுக்கு நாம எப்படிக் கடுதாசி போட?" என்றார்.

கடிதத்தைப் பெரியவருக்கே போட்டோம். எங்கள் வாசகர்களில் தாங்களே தேர்ந்த ஆட்டக்காரர் என்பதால், தங்கள் அனுபவங்களை மாதாமாதம் எழுதி அனுப்பினால் எங்களுக்கு உதவியாக இருக்கும் என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதை வாசித்துக் காட்டப்போவது யார் என்று எங்களுக்குத் தெரியும். பெரியவர் அதைத் துண்டில் முடிந்துகொண்டு ஊரெல்லாம் காட்டினாராம். மாதாமாதம் மருமகளை உட்கார வைத்து அவர் நாலு வரி சொல்வார். "நலம், நலமறிய ஆவல். மந்திரவாதிக்கு இன்னும் ரெண்டு மந்திரம் கூடக் குடுத்தா நல்லது" என்பதோடு அது முடிந்துவிடும். உறையைப் பிரித்தால் அந்த நாலு வரியின் பின்னால் அறுபது பக்கம் இருக்கும். பெரியவர் கையால் உறை ஒட்டி, பெரியவர் கையால் தபாலில் சேர்த்தது.

ஐந்தாம் இதழ் முழுக்க இளைய மருமகள் எழுதியதுதான். எழுத்தைத் திருத்தினேன், எண்களை மூன்று முறை பார்த்தேன், மற்றபடி கை வைக்கவில்லை. அதில் ஒரு அரக்கி வருகிறாள். நான் எழுதிய அரக்கர்கள் 'ஹா ஹா மானிடனே' என்று சிரிப்பார்கள். இவள் அப்படி இல்லை. குகைக்குள் யார் நுழைந்தாலும், "ஒலை கொதிச்சு வழியுது, நீங்க ஆடி அசஞ்சு வாரீகளாக்கும்" என்பாள். கத்தியோடு பாய்கிற வீரனைப் பார்த்து, "அம்மி ஈரமாக் கெடக்கு. எவ தொடைக்காமப் போனது?" என்று கேட்பாள். பதில் தெரியாவிட்டால் நாலு முத்து போய்விடும். ஓவியர் அவளுக்கும் லட்சுமி முகம்தான் போட்டார். அந்தச் சாந்தமான முகத்தின் கீழே அந்தப் பேச்சைப் படித்தபோது மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அந்த இதழ் மறுபடி மறுபடி அச்சானது. ஆமத்தூரிலிருந்து ஒருவர், தன் தாயார் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகவும், தன் மனைவி இன்னும் மூன்று பிரதி கேட்பதாகவும் ஒரே கார்டில் எழுதியிருந்தார். ஐப்பசி இதழ் வரை அரக்கி வந்துகொண்டே இருந்தாள். அடுத்த இதழில் அவளைக் கொன்றுவிடலாம் என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது. கொன்றால் பரபரப்பாக இருக்கும் என்றார். 'அரக்கியின் முடிவு' என்று பின்னட்டையில் விளம்பரமும் போட்டுவிட்டோம்.

ஐப்பசியில் மல்லாங்கிணற்றுக் குடும்பம் பட்டாசு வாங்கச் சிவகாசி வந்தது. ஆண்கள் கடையில் இருக்க, மாமியார் மட்டும் தனியாக அச்சகத்துக்கு நடந்து வந்தார். என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நான் எழுந்து நாற்காலியை நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை.

"அந்த அரக்கி பேசுறத யாரு எழுதுறது தம்பி?"

"நாங்கதாம்மா. எல்லாரும் சேந்துதான்."

"எங்க வீட்டு அம்மி ஈரமாக் கெடந்தது ஒங்க எல்லாருக்கும் எப்படித் தெரியும்?"

என் கையிலிருந்த லேபிள் புரூப்பை மடித்தேன், பிரித்தேன். ஓவியர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண்ணின் காப்பி இன்றோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

மாமியார் குரல் மாறாமல் கேட்டார். "அடுத்த புத்தகத்துல அவளக் கொல்லப் போறீகளாம்ல?"

"முதலாளி அப்படி நெனைக்காக."

"கொல்லாதீக. அவ போய்ட்டா அந்தக் குகையில வேல பாக்குறது யாரு? வந்தவன் போனவன்லாம் போட்டது போட்டபடி போறான். அவ ஒருத்திதான எடுத்து வைக்கா." கொஞ்சம் நிறுத்தி, ஓவியர் பக்கம் பார்த்தார். "அவளுக்குக் கழுத்துல ஒண்ணுமே போடலை. ஒரு காசுமாலையாவது போடச் சொல்லுங்க. இம்புட்டுக் குகைய வச்சிருக்கா, ஒரு மாலைக்கா வழியில்லை."

எழுதுவது யாரென்று தெரியும் என அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது வாசலில் திரும்பி, "சின்னவ கையெழுத்து அழகா இருக்கும்னு எங்க வீட்ல சொல்லுவாக. எனக்கு எங்க தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அரக்கி சாகவில்லை. அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டார். அவருக்கும் வீட்டில் தாயார் இருந்தார். விளம்பரம் செய்த 'அரக்கியின் முடிவு' என்ற தலைப்பை மாற்ற முடியாததால், அரக்கி ஒரு முடிவுக்கு வந்தாள் என்று கதையை எழுதி அனுப்பினார் இளைய மருமகள். இனிமேல் குகைக்குள் வருகிறவர்கள் காலைக் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும் என்பது அந்த முடிவு. ஓவியர் காசுமாலையோடு ஒட்டியாணமும் சேர்த்துப் போட்டார்.

பத்திரிகை இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பிறகு வடக்கேயிருந்து பெரிய காலண்டர் ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. தை மாதத்திலும் மெஷின் நிற்கவில்லை. அண்ணாச்சி ஒரு மாதம் தள்ளிப் போட்டார், அப்புறம் இன்னொரு மாதம். கடைசியில், "நின்னுபோச்சுன்னு சொல்லீரு தம்பி" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோடவுன் ஆட்டத்தில் அவர் எடுத்திருந்த மந்திரவாதி ஒரு கிணற்றுக்குள் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

மல்லாங்கிணற்றுக்கு மட்டும் நானே போய்ச் சொன்னேன். அங்கே ஏற்பாட்டில் பெரிய மாற்றம் நடந்திருந்தது. வாசிக்கிறவள் மட்டும் உட்கார்ந்திருப்பது என்ன நியாயம் என்று மூத்த மருமகள் கேட்டாராம். மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒருநாள் ஒருத்தி வாசிக்க வேண்டும், மற்றவள் அடுப்படியைப் பார்க்க வேண்டும். அதற்காகவே இளையவர் மூத்தவருக்கு எழுத்துக்கூட்டப் பழக்கியிருந்தார்.

நான் போன நாள் மூத்த மருமகளின் முறை. பழைய முதல் இதழை எடுத்து வைத்துக்கொண்டு, விரலை வரியின்மேல் ஓட்டி, "பா... பாழ... பாழடை..." என்று போய்க்கொண்டிருந்தார். பெரியவர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். அடுப்படியிலிருந்து தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே இளைய மருமகளின் குரல் வந்தது.

"பாழடைந்த கோட்டையின் வாசலில்க்கா. அத விட்டுட்டு அடுத்த வரிக்குப் போங்க. யான ஒண்ணு நிக்கும் பாருங்க."

"யானையெல்லாம் இங்கன போடலையே."

"போடலைன்னா என்ன. நிக்குதுன்னு சொல்லுங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் புத்தகம் வராது என்று. மூத்தவர் ஓ என்றார். மாமியார் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் ஒரு நிமிடம் நின்று மறுபடி தொடங்கியது. பேச்சுச் சத்தத்தில் பெரியவர் விழித்துக்கொண்டு, என்னைப் பார்த்து வாங்க என்று சொல்லிவிட்டு, மருமகள் பக்கம் திரும்பினார்.

"இப்ப எங்கன இருக்கோம்?"

"இன்னும் வாசல்லதான் மாமா. ஒரு யான நிக்கிது" என்றார் மூத்த மருமகள்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து தாயக்கட்டையைக் கையில் எடுத்தார்.